குழியை மூடச் சொன்னது சரிதான்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் 280 பேர் சத்துணவு சாப்பிடுகிறோம். தினமும் இரண்டு வாளிச் சோறு மிச்சமாகி, சுவருக்கு வெளியே கொட்டுகிறார்கள். நாயும் காக்கையும் கூடுகின்றன. அதை எருவாக்கலாம் என்று சுற்றுச்சூழல் மன்றத்தில் நாங்கள் 20 பேர் சேர்ந்து, மைதானத்து ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டிக் கொட்டினோம். ஒரே வாரத்தில் நாற்றம், வெள்ளைப் புழு. பக்கத்து வகுப்பறையில் உட்கார முடியவில்லை. தலைமையாசிரியர் குழியை மூடச் சொல்லிவிட்டார். பாம்பு வரும் என்றும் பயப்படுகிறார். மறுபடியும் அனுமதி வாங்கி, மாணவர்களே நடத்த வழி உண்டா? அறிவியல் ஆசிரியை எங்கள் பக்கம்தான்.

பதில்:

உண்டும்மா. ஆனால் குழியை மூடச் சொன்னதில் உங்கள் தலைமையாசிரியர் மீது தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பள்ளிகளுக்கு உரத்தொட்டி அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். சோற்றைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

அந்தக் குழிக்குள் என்ன நடந்தது என்று முதலில் பார்த்துவிடு. வெந்த சோற்றில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர். அதன்மேல் சாம்பாரும் ரசமும். கொட்டக் கொட்ட அது களிபோல் அமுங்கி, நடுவில் காற்றுப் புக வழியில்லாமல் போகிறது. காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செத்து, காற்றில்லாமல் வாழும் கூட்டம் உள்ளே நுழைகிறது. முதலில் புளித்த வாடை, பிறகு பருப்பும் முட்டையும் அழுகும்போது அழுகல் நாற்றம். மட்குவது வேறு, அழுகுவது வேறு. நீங்கள் செய்தது இரண்டாவது. மேலே மூடாமல் விட்டதால் ஈ முட்டையிட்டது, புழு வந்தது. புழுவால் கெடுதல் ஒன்றுமில்லை, ஈரம் மிஞ்சிவிட்டது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இடுப்பளவு பள்ளம் என்பதால் மழைத் தண்ணீரும் இறங்கியிருக்கும்.

ஒரு விஷயத்தை உன் கடிதத்தில் தேடினேன், இல்லை. அந்த இரண்டு வாளி ஏன் மிச்சமாகிறது? உரம் போட்டால் உணவு வீணாவது குறையாது. வீணானது வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். நெல் விளைய ஆன தண்ணீர், அடுப்புக்கு ஆன எரிவாயு, சமையலர் அக்காவின் உழைப்பு எதுவும் உரத்தொட்டியிலிருந்து திரும்பி வராது. அதனால் மண்வெட்டியைக் கொஞ்சம் ஓரமாக வை. முதல் இரண்டு வாரம் உங்கள் மன்றத்துக்கு வேலை, தராசும் ஒரு நோட்டும்தான்.

பழைய பேப்பர் கடையில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்களே, அந்த வில்தராசு போதும். மூன்று வாளி வையுங்கள். ஒன்றில் காய் நறுக்கிய கழிவு. இன்னொன்றில் பரிமாறாமல் அண்டாவிலேயே நின்றுபோன சோறு. மூன்றாவதில் தட்டிலிருந்து கொட்டுவது. மூன்றையும் கலக்காமல் எடை போட்டு, அன்றைக்கு என்ன சாப்பாடு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், அண்டா மிச்சத்துக்கும் தட்டு மிச்சத்துக்கும் வைத்தியம் வேறு வேறு.

அண்டாவில் நிற்கிறது என்றால், உலையில் அரிசி போடும்போது இருந்த கணக்கும் பந்தியில் உட்கார்ந்த தலையும் பொருந்தவில்லை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர்கள், அரை நாள் விடுப்பில் போனவர்கள் என்று அதில் பல சேர்த்தி. காலையில் வருகைப் பதிவு எடுத்த கையோடு, "இன்னைக்கு யாரெல்லாம் இங்க சாப்பிடுறீங்க?" என்று வகுப்புத் தலைவர் கை தூக்கச் சொல்லி எண்ணி, ஆசிரியர் வழியாகச் சமையல் கூடத்துக்குச் சொல்லிவிடலாம். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் வரை சோறாகும். ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், இருபது பேர் கணக்குத் தவறினாலே ஐந்து கிலோவுக்கு மேல் சோறு நிற்கும் என்பதை நீயே பெருக்கிப் பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சத்துணவு அமைப்பாளரிடம் நோட்டை நீட்டிக்கொண்டு தணிக்கை அதிகாரி மாதிரி போய் நிற்காதே. வருகைக் கணக்கு அவர்களுக்கு மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய விஷயம். பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள் என்றால் பயப்படத்தான் செய்வார்கள். அறிவியல் ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, உங்களுக்கு எந்தக் கிழமை அதிகம் மிச்சமாகுதுன்னு தெரியும்ல?" என்று கேள். உங்கள் தராசு இரண்டு வாரத்தில் சொல்வதைச் சமையலர் அப்போதே சொல்லிவிடுவார்.

தட்டு மிச்சம் இன்னும் நுணுக்கமானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே கரண்டிக் கணக்கில் விழுகிறதா? வெயிலில் உட்கார வைக்கிறார்களா? சின்ன வகுப்பு கடைசியில் வாங்கி, மணி அடிப்பதற்குள் பாதியில் எழுகிறதா? குழாயில் கூட்டம் என்று அவசர அவசரமாகக் கொட்டுகிறார்களா? பல பள்ளிகளில் "முதலில் பாதி, வேண்டுமானால் மறுபடி வாங்கலாம்" என்ற ஒரே மாற்றத்தில் வாளியின் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்குகிறது. மறுபடி வாங்குவது உண்மையிலேயே கிடைக்க வேண்டும், முகம் சுளிக்காமல் கிடைக்க வேண்டும். மதியம் ஒரு வேளைதான் வயிறு நிறையும் என்று வருகிற பிள்ளைகள் உங்கள் பந்தியிலும் இருப்பார்கள். மன்றத்துக்காரர்கள் தட்டுப் பக்கம் நின்று "ஏன் மிச்சம் வைத்தாய்" என்று விசாரிக்க ஆரம்பித்தால் திட்டம் அன்றைக்கே செத்தது. வாளியை எடை போடுங்கள், பிள்ளையை எடை போடாதீர்கள்.

மிச்சத்தை மாட்டுக்கு ஊற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். அரிசி கழுவிய கழனித் தண்ணியும் காய்த் தோலும் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரு வாளிச் சோற்றை ஒரே மாட்டுக்கு வைக்கக் கூடாது. மாவுச்சத்து மிஞ்சினால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, வயிறு உப்பிச் செத்தே போகும். மாட்டுப் பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் எச்சரிக்கிறார்கள். தட்டில் கை பட்ட எச்சில் சோறு எப்படியும் உரத்துக்குத்தான்.

இவ்வளவும் செய்து இரண்டு வாளி ஒன்றாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 20 கிலோ இருந்தது 10 கிலோ. இப்போது தொட்டிக் கணக்குக்கு வா.

குழி வேண்டாம். தரைக்கு மேலே கட்டு. கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் இறக்குகிற சிமெண்ட் உறை இருக்கிறதே, மூன்றடி விட்டம், ஓரடி உயரம், அதில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுமார் 600 லிட்டர் கொள்ளும். வார்க்கும்போதே பக்கங்களில் விரல் நுழைகிற ஓட்டை போட்டுத் தரச் சொல். இல்லையென்றால் இரண்டு உறைக்கு நடுவில் செங்கல் துண்டு வைத்து இடைவெளி விடு. அடியில் எலி குடையாதபடி கம்பி வலை, மேலே கனமான தகர மூடி. பாம்புக்குச் சோறு பிடிக்காது. அது எலியைத் தேடித்தான் வரும், குளிர்ச்சியான சருகுக் குவியலில்தான் சுருண்டுகொள்ளும். எலிக்கு வழியடைத்து, சருகைத் தரையில் குவிக்காமல் சாக்கில் கட்டிப் பலகை மேல் வைத்தால் தலைமையாசிரியரின் பயத்தில் முக்கால்வாசி தீர்ந்தது. மிச்சம் கால்வாசிக்காக, மூடியைத் திறக்குமுன் நீளக் கழியால் நாலு தட்டு. கிளறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், காலில் செருப்போ ஷூவோ இருக்க வேண்டும்.

பத்து கிலோ மிச்சத்தோடு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு கொள்ளளவு சருகு சேரும். நாலைந்து நாளில் அது பாதியாக அமுங்கும். அப்படிப் பார்த்தால் ஒரு தொட்டி நிறைய ஒரு மாதப் பள்ளி நாள் ஆகும். நிறைந்தது மட்கி முடிய இன்னும் இரண்டு மாதம். ஆக மூன்று தொட்டி இருந்தால் சுற்று முறையில் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சத்தைக் குறைக்காமல் இறங்கியிருந்தால் ஆறு தொட்டி கேட்டு நின்றிருப்பாய், தலைமையாசிரியரும் மறுபடி "முடியாது" என்றிருப்பார்.

சேர்க்கிற முறை பெரிய வித்தை இல்லை. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி, தென்னை மட்டைத் துண்டு. அதன்மேல் சருகு. ரசத்தையும் சாம்பாரையும் ஓட்டை வாளியில் வடித்துவிட்டுச் சோற்றைப் பரப்பு. கட்டியாக விடாமல் உதிர்த்து, சருகோடு புரட்டி, கடைசியில் வெள்ளை எங்கேயும் தெரியாத அளவுக்குச் சருகால் மூடு. ஈ உட்கார இடம் கிடைக்கக் கூடாது. நாட்டு மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாரம் ஒரு முறை தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும். காசு கொடுத்து வாங்கும் நுண்ணுயிர்ப் பாட்டிலுக்கு நான் யாரையும் செலவு செய்யச் சொல்வதில்லை. உங்கள் ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் மக்கும் குப்பையைத் தனியே உரமாக்குகிற கொட்டகை இருந்தால், ஒரு சட்டி பழைய உரம் கேட்டு வாங்கி வா. தொட்டிக்கு அதைவிட நல்ல உறைமோர் கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் அரை மணி நேரம் பேசிவிட்டும் வா, நான் எழுதுவதைவிட அதிகம் தெரிந்துகொள்வாய்.

சோறு நைட்ரஜன் நிறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவாக இல்லை, பெரும்பாலும் மாவுச்சத்துதான். பருப்பு, முட்டை, காய்த் தோல், சாணம் இவைதான் நைட்ரஜன் தருபவை. சருகு தருவது கார்பன். 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்பது பாடப்புத்தகக் கணக்கு. உங்களுக்கு அதை அளக்கக் கருவி வேண்டாம், மூக்கும் கையும் போதும். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழி. ஒன்றிரண்டு சொட்டு விரலிடுக்கில் கசிந்தால் ஈரம் சரி. வழிந்தால் சருகு போடு, பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளி. மூக்கைச் சுரீர் என்று தாக்குகிற அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, அதற்கும் சருகுதான். அழுகின முட்டை வாடை என்றால் காற்று இல்லை, உடனே கிளறு. புளித்த கஞ்சி வாடை என்றால் சோறு கட்டி தட்டியிருக்கிறது. உதிர்த்துவிட்டு ஒரு கை அடுப்புச் சாம்பல் தூவு.

ஒரு முழ நீள இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார். கை வைக்க முடியாமல் சுட வேண்டும். நன்றாக வேலை செய்கிற குவியலுக்குள் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் ஈயின் முட்டையும் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அழிந்துவிடும். நெருப்பில்லாமல் தொட்டி சுடுவதைப் பார்க்க ஆறாம் வகுப்பு வரிசை கட்டி நிற்கும், பார்த்துக்கொண்டே இரு. சூடு தணிந்தால் கிளறு, மறுபடி ஏறும். கிளறியும் ஏறவில்லை என்றால் ஆறவிடும் கட்டம் வந்துவிட்டது. மண்புழு விட ஆசைப்பட்டால் அதற்குப் பிறகுதான் விட வேண்டும். முன்பே விட்டால் வெந்து சாகும். விடாவிட்டாலும் உரம் உரம்தான்.

இப்படி அடுக்கி, ஈரம் பார்த்து, கிளறி உரமாக்கும் முறையை 1920-களில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் இந்தூரில் ஒழுங்குபடுத்தினார். வேளாண் பாடத்தில் அதை இந்தூர் முறை என்பார்கள். நம் நாட்டு உழவர்களிடமும் அவர் கற்றுக்கொண்டார் என்பதை உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

முட்டை ஓட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஓடு ஐந்து, ஆறு கிராம் இருக்கும். 280 முட்டைக்கு ஒரு நாளில் ஒன்றரை கிலோ! அப்படியே போட்டால் ஒரு வருடம் கழித்தும் ஓடாகவே கிடக்கும், நாயையும் இழுக்கும். மொட்டை மாடியில் ஒரு நாள் காயவைத்துச் சாக்கில் போட்டு மிதித்தால் மாவாகிவிடும். அதைத் தொட்டியிலும் சேர்க்கலாம், செடித் தூரிலும் போடலாம்.

சருகுதான் உங்களுக்குப் பெரிய தட்டுப்பாடாக இருக்கும், சோறு இல்லை. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது கூட்டி எரித்துவிட்டு, ஐப்பசி மழையில் காய்ந்த இலைக்கு அலைவது பள்ளிகளில் வழக்கம். முதல் வேலையாக உங்கள் பள்ளியில் சருகு எரிப்பதை நிறுத்தச் சொல். மெல்லிய இலையான வேம்பும் புங்கனும் சீக்கிரம் மட்கும். மா, பலா, வாதுமை இலைகளை நொறுக்கித்தான் போட வேண்டும். யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம். இப்போதைக்குச் சருகு கையில் இல்லை என்றால், உங்கள் பக்கம் நிலக்கடலை உடைக்கிற மில்லில் கடலைத் தோல் சாக்கு சாக்காகக் கிடைக்கும். காற்றோட்டத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. தென்னை நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மட்க நாளாகும். கொஞ்சமாகக் கல.

இனி, யார் இதைச் செய்வது? நான் பார்த்த பள்ளிகளில் பல திட்டங்கள் நாற்றத்தால் படுக்கவில்லை, இந்தக் கேள்வியால்தான் படுத்தன. முதல் மாதம் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் வாளி தூக்குவது நாலே பேர். அந்த நாலு பேர் யார் என்று கவனி. படிப்பில் கடைசி என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், தாமதமாக வந்ததற்குத் தண்டனை பெற்றவர்கள், அல்லது நேராகவே சொல்கிறேன், குறிப்பிட்ட தெருவிலிருந்து வருகிறவர்கள். எச்சிலும் குப்பையும் யார் கையில் போக வேண்டும் என்று இந்த ஊரில் காலங்காலமாக ஒரு கணக்கு இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அது உங்கள் முறைப் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் பட்டியல் வருகைப் பதிவேட்டு எண் வரிசையில்தான் போட வேண்டும். மன்றத் தலைவியாகவே இருந்தாலும் நீயும் உன் முறைக்கு வாளி தூக்க வேண்டும். உரத்தொட்டி வேலையை யாருக்கும் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதி ஒட்டு. பெண்கள் கூட்டுவது, ஆண்கள் கிளறுவது என்ற பிரிவினையும் வேண்டாம். பள்ளியைச் சுத்தம் செய்யும் பணியாளர் தலையில் இதைக் கட்டவும் கூடாது. அவருக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைக்கே ஆள் போதாது.

ஒரு நாளைக்கு ஆறு பேர், கால் மணி நேரம், பாட வேளைக்கு வெளியே. கையுறை, கடைசியில் சோப்புப் போட்டுக் கைகழுவுதல். கையில் காயம் உள்ளவர்கள் அன்று எடை எழுதட்டும். அடுத்த வருடம் நீங்கள் பத்தாம் வகுப்பு, பொதுத் தேர்வு வந்துவிடும். எனவே இப்போதே ஏழு, எட்டாம் வகுப்பில் நாலைந்து பேரைச் சேர்த்து நோட்டை அவர்கள் கையால் எழுதவிடு.

அனுமதிக்கு மூன்று தொட்டி கேட்காதே. ஒன்றே ஒன்று, ஒரு பருவம். சமையல் கழிவும் இரண்டு வகுப்பின் தட்டு மிச்சமும் மட்டும். மனுவில் நீங்களே ஒரு நிபந்தனை எழுதுங்கள்: தொடர்ந்து மூன்று நாள் நாற்றம் இருந்தால் நாங்களே நிறுத்திக் காலி செய்வோம் என்று. வகுப்பறைக்குக் காற்று வீசும் திசையில் தொட்டி இருக்காது என்று வரைபடத்தில் காட்டுங்கள். உறை ஒன்று சில நூறு ரூபாய்தான். மன்றத்துக்கு ஒதுக்கீடு இல்லாவிட்டாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம், உறை வார்க்கிற பெற்றோர் யாராவது அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

பூமி சூடாவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தலைமையாசிரியர் கேட்டால், காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வருகிறது, நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் என்று சொல். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்ததையும் சொல்லலாம். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது நாற்றம் வராது என்ற உறுதி. அதை முதலில் கொடு.

பங்குனி முடிவோடு தொட்டியில் போடுவதை நிறுத்திவிடு. மே விடுமுறையில் யாரும் வர மாட்டார்கள். மூடி ஆறவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது மண் வாசனையோடு கறுப்பாக இருக்கும். சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து கீரையும் வெண்டையும் போடு. சமைத்த உணவில் உப்பு இருக்கும், தனி உரத்தில் விதை போட்டால் முளை கருகும்.

முதல் இரண்டு வாரக் கணக்கை எனக்கு அனுப்பு. அண்டா மிச்சம், தட்டு மிச்சம், காய்க் கழிவு மூன்றும் தனித்தனியாக, கிழமை போட்டு. எத்தனை உறை வாங்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.